ஆலோசனை மையத்துச் சுவரில் அரூப ஓவியம்: மனத்துக்கு ஏதாவது செய்யுமா?

நான்காம்பிளாக் | சனி, காலை 10:40

வணக்கம். பெங்களூரு ஜெயநகரில் ஒரு சின்ன மனநல ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன். பேசுவதற்கு இரண்டு அறை, காத்திருக்க ஒரு அறை, அவ்வளவுதான். போன மாதம் புது வாடகைக் கட்டடத்துக்கு மாறினோம். காத்திருக்கும் அறையில் ஒரு பெரிய சுவர் வெறுமனே கிடக்கிறது. எங்கள் நிர்வாகி ஒரு கேலரிக்காரரிடம் பேசி, அரூப ஓவியம் (ஆள், மரம் என்று எந்த உருவமும் இல்லாத, வண்ணமும் கோடும் மட்டுமான படம்) ஒன்றைக் கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டார். ஐந்தடிக்கு நாலடி. கருஞ்சிவப்பு, கறுப்பு, குறுக்கே கூர்மையாக வெள்ளைக் கீறல்கள். விலை 85,000 ரூபாய்.

படத்தோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். பார்ப்பவரின் உணர்வுகளைச் சமநிலைக்குக் கொண்டுவருமாம், இடது மூளையையும் வலது மூளையையும் இணைக்குமாம், ஆழ்மனத்தோடு நேரடியாகப் பேசுமாம். அதைப் படித்துத்தான் நிர்வாகி உருகிவிட்டார்.

எனக்கு ஓவியத்தில் பயிற்சி கிடையாது. படம் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. கேலரியில் அதன் முன்னால் நின்றபோது சீக்கிரம் நகரத் தோன்றவில்லை. ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் பதற்றத்திலும் துக்கத்திலும் இருப்பவர்கள். அவர்கள் உட்கார்ந்து பார்க்கப்போகும் சுவர் அது. இந்த மாதிரி ஓவியங்கள் மனத்துக்கு உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா, இல்லை எல்லாம் விற்பனைப் பேச்சா? ஓவியம் தெரிந்தவர்களும் உளவியல் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

ராமமூர்த்திநகர்_சிவா | சனி, காலை 11:05

மேடம், 85,000க்கு நல்ல சோபா வாங்கிப் போடுங்கள். வருகிறவர்களின் முதுகாவது சமநிலைக்கு வரும்.

சீரியஸாகவும் ஒன்று சொல்கிறேன். டச்சு அரூப ஓவியர் மோந்திரியான் 1941ல் செய்த ‘நியூயார்க் சிட்டி 1’ என்ற படம் இப்போது ஜெர்மனியில் ட்யூசல்டார்ஃபில் இருக்கிறது. 1945லிருந்து அதைத் தலைகீழாகவே மாட்டி வந்திருக்கிறார்கள் என்று அந்த அருங்காட்சியகத்தின் ஆய்வாளரே 2022ல் சொன்னார். எழுபத்தைந்து வருடத்துக்கு மேல் எத்தனை நிபுணர்கள் அதன் முன் நின்று உருகியிருப்பார்கள்! மேல் எது கீழ் எது என்றே தெரியாத ஒன்று என் மனத்தைச் சமன் செய்யும் என்றால் எப்படி நம்புவது? 2023ல் நம் ஓவியர் எஸ்.எச். ரசாவின் ஒரு படம் மும்பை ஏலத்தில் 51 கோடிக்கு மேல் போனது. அங்கே சமநிலை இழந்தவர் வாங்கியவர்தான்.

கரித்துண்டு | சனி, பகல் 12:30

சிவா, அரூப ஓவியம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது அந்த மோந்திரியான் கதையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்தப் படம் வண்ண ஒட்டு நாடாக்களால் ஆனது, கையெழுத்தில்லாதது. திருப்பி மாட்டினால் நாடா பிய்ந்துவிடும் என்று இப்போதும் அப்படியே விட்டிருக்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று சுவாரசியம். மையமும் இருக்கக் கூடாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரியும் இருக்கக் கூடாது, ஆனாலும் படம் சாயக் கூடாது என்பதுதான் அவர் ஆயுள் முழுக்கத் தேடியது. தலைகீழாக மாட்டியும் சாயாமல் நிற்கிறது என்றால் மனிதர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைப்பேன்.

மேடத்தின் கேள்விக்கு வருகிறேன். நான் இங்கே சித்ரகலா பரிஷத் ஓவியக் கல்லூரியில் படித்தவள், இப்போது பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘சமநிலை’ என்று ஓவியக்காரர்கள் சொல்வதும் உங்கள் மையத்தில் நீங்கள் சொல்வதும் வேறு வேறு சமாச்சாரம். கேலரிக்காரரின் தாள் இரண்டையும் குழப்பிக் காசு பார்க்கிறது.

ஒரு தாளில் சதுரம் வரையுங்கள். உள்ளே ஒரு கறுப்பு வட்டத்தை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். அது நடுவுக்கு வரத் துடிப்பது போலவோ, ஓரத்துக்கு இழுபடுவது போலவோ கண்ணுக்குப் படும். தாளில் எந்த விசையும் இல்லை, ஆனாலும் இழுப்பு தெரியும். ருடால்ஃப் ஆர்ன்ஹைம் என்ற உளவியலாளர் 1954ல் வெளியிட்ட புத்தகத்தை இந்தச் சோதனையோடுதான் தொடங்குகிறார். மேலே இருக்கும் வடிவம் கீழே இருப்பதைவிடக் கனமாகத் தெரியும், தனித்து நிற்பது இன்னும் கனக்கும் என்று போகிறது அவர் பேச்சு. ஓவியக்காரர் செய்யும் சமநிலை இந்த இழுப்புகளை ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது. அதற்கும் அமைதிக்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது.

அமெரிக்க அரூப ஓவியர் ராத்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் தியானத்துக்கான படம் என்று தேடினால் அவர் வண்ணக் கட்டங்கள் வந்து விழும். 1958ல் நியூயார்க்கில் ஒரு பணக்கார உணவகத்துக்கு வரைந்து தர ஒப்புக்கொண்டபோது, அங்கே சாப்பிட வருகிறவர்களுக்குச் சாப்பாடே இறங்கக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் வரைகிறேன் என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லியிருக்கிறார். கதவும் சன்னலும் அடைக்கப்பட்ட அறைக்குள் மாட்டிக்கொண்ட உணர்வு வர வேண்டும் என்பது அவர் திட்டம். கடைசியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த வரிசையில் சில படங்கள் இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆக, ‘அரூபம் என்றால் அமைதி’ என்பது சுவருக்கு அலங்காரம் விற்கிறவர்கள் கட்டிவிட்டது.

ராமமூர்த்திநகர்_சிவா | சனி, பகல் 12:41

அப்போ நான் சொன்ன சோபாதான்.

அளவுகோல் | சனி, மாலை 4:15

நான் மருத்துவ உளவியலாளர். பன்னேர்கட்டா சாலைப் பக்கம் பல வருடம் மருத்துவமனை வேலை, இப்போது சொந்தமாகப் பார்க்கிறேன்.

முதலில் அந்தத் தாள். இடது வலது மூளை விஷயத்தைக் கிழித்துப் போடுங்கள். ரோஜர் ஸ்பெரி இரண்டு அரைக்கோளங்களுக்கும் நடுவே உள்ள இணைப்பு வெட்டப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 1981ல் நோபல் வாங்கினார். அந்த இணைப்பு உங்களுக்கும் எனக்கும் பிறந்ததிலிருந்தே ஒழுங்காக வேலை செய்கிறது. படம் வந்து இணைக்க வேண்டியதில்லை.

வண்ணம் உணர்வை மாற்றும் என்பதிலும் கவனம் தேவை. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் சியாட்டில் கடற்படைச் சிறை அறை ஒன்றுக்கு ஒருவித இளஞ்சிவப்பு அடித்தார்கள். கைதிகளின் முரட்டுத்தனம் அடங்கிவிட்டது என்று செய்தி பரவி, பல சிறைகளில் அதே வண்ணம் ஏறியது. 2015ல் சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தபோது வெள்ளை அறைக்கும் இளஞ்சிவப்பு அறைக்கும் வித்தியாசம் இல்லை. அரூப ஓவியத்தின் முன்னோடி கண்டின்ஸ்கி, மஞ்சள் நம்மை நோக்கிப் பாய்கிறது, ஊதுகொம்பு போலக் கத்துகிறது என்றும் ஆழ்ந்த நீலம் செல்லோ என்றும் எழுதினார். அது அவர் காதுக்கு. மஞ்சள் தடவிய தாலிக்கயிறும் அரிசியும் பார்த்து வளர்ந்த நமக்கு மஞ்சள் கத்தவா செய்கிறது?

இனி உங்கள் சுவருக்கு நேராகப் பொருந்துகிற ஒன்று. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளரின் 1984 ஆய்வு மருத்துவமனை கட்டுகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவை முடிந்த 46 பேரின் பதிவேடுகளை எடுத்தார். பாதிப்பேர் படுத்திருந்த அறையின் சன்னல் வழியே மரங்கள், மீதிப்பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் கொஞ்சம் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலிமருந்தும் குறைவாகக் கேட்டார்கள்.

அவரே பிற்பாடு சக ஆய்வாளர்களோடு ஸ்வீடனில் உப்சாலா மருத்துவமனையில் இன்னொன்று செய்தார். 1993ல் வெளிவந்தது. இதய அறுவை முடிந்த 160 பேர். சிலருக்குக் கட்டிலின் எதிரே நீரும் மரமும் உள்ள படம், சிலருக்கு அடர்ந்த காடு, சிலருக்கு அரூபம், சிலருக்கு வெற்றுப் பலகை, சிலருக்கு ஒன்றுமே இல்லை. நீரும் மரமும் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. நேர்கோடும் கட்டமுமாக இருந்த அரூபப் படம் கிடைத்தவர்களுக்கு, ஒன்றுமே கிடைக்காதவர்களைவிடப் பதற்றம் அதிகம்.

திரும்பவும் படியுங்கள். அந்தக் குறிப்பிட்ட படத்தைவிட வெறும் சுவர் நல்லது.

ஏன் என்பதற்கு உல்ரிச் தரும் விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. தெளிவில்லாத ஒன்றைப் பார்க்கும்போது மனம் தன்னிடம் இருப்பதை அதன் மேல் ஏற்றும். பயத்தில் இருப்பவர் பயத்தை ஏற்றுவார். கருஞ்சிவப்பில் வெள்ளைக் கீறலை உங்களிடம் வரும் ஒருவர் என்னவாகப் பார்ப்பார் என்று நான் சொல்ல வேண்டுமா? தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் இளையவர்கள் உங்கள் மையத்துக்கும் வருவார்கள்.

லிங்கராஜபுரம்_மேரி | சனி, இரவு 8:50

அளவுகோல் சார் எழுதியதைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. அப்பா ஒரு பெரிய மருத்துவமனையில் ஐசியுவில் இருந்தபோது வெளியே காத்திருக்கும் இடத்தில் சுவர் முழுக்க ஒரு படம் இருந்தது. சாம்பல் நிறத்தில் உடைந்த உடைந்த துண்டுகள், நடுவே ஆரஞ்சு. விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும், கீழே பித்தளைப் பலகை வைத்துப் பெயர் எழுதியிருந்தார்கள். அம்மா அதற்கு முதுகு காட்டி உட்காருவதற்காகவே விடியற்காலையில் போய் நாற்காலி பிடிப்பார். கட்டடம் இடிந்து விழுந்த மாதிரி இருக்கிறது, அதைப் பார்த்தால் அப்பா நினைவுதான் வருகிறது என்பார். நர்ஸிடம் சொன்னபோது அவரும் சிரித்துக்கொண்டு, எங்களுக்கும் பிடிக்காது அக்கா என்றார்.

அப்பா நன்றாகி வந்துவிட்டார். அம்மா இன்னும் அந்தப் படத்தைத் திட்டுவார்.

கரித்துண்டு | ஞாயிறு, காலை 9:20

மேரி அக்காவின் அம்மாவுக்கு நடந்ததை யாரும் மறுக்க முடியாது. உல்ரிச்சின் ஆய்வை ஏற்கனவே படித்திருக்கிறேன், அதை மறுக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் அதில் படுத்திருந்தவர்களால் எழுந்து போக முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்வதே சிரமம். அரூபத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே எனக்குத் தெரிந்த முதல் நிபந்தனை, பார்ப்பவர் தானாக வந்து நிற்க வேண்டும், வேண்டாம் என்றால் போகவும் முடிய வேண்டும்.

மேடம், நீங்கள் கேலரியில் நகராமல் நின்றீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அவசரம் இல்லை, யாரும் உங்கள் பெயரைக் கூப்பிடப் போவதில்லை. அதே படம் அதே ஆளை வேறு நாளில் விரட்டியடிக்கும். மனம் தன்னிடம் இருப்பதை ஏற்றும் என்று அளவுகோல் சார் சொன்னது சரி. எனக்குப் பிடித்ததே அதுதான். உருவமுள்ள படத்தில் அழுகிற பெண்ணைப் பார்த்ததும் ‘துக்கம்’ என்று பெயர் வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். அரூபத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. எதற்கு இந்த மூலை என்னைத் தொந்தரவு செய்கிறது என்று கொஞ்ச நேரம் பெயர் தெரியாமலே நிற்க வேண்டியிருக்கிறது. மனம் ஓரளவு தெம்பாக இருப்பவருக்கு அது நல்ல பயிற்சி. அன்றைக்கு ஏற்கனவே நொறுங்கியிருப்பவருக்கு அது கூடுதல் சுமை.

மைத்தடத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டு மனத்தைப் பார்க்கும் மனநல மருத்துவர் ரோர்ஷாக்கின் அட்டைகளைப் பற்றி இங்கே யாரும் சொல்லவில்லையே! 1921ல் அவர் வெளியிட்ட பத்து அட்டைகளும் இதே தத்துவம்தான். அவர் அப்பா ஓவிய ஆசிரியர், அவருக்கே பள்ளியில் ‘மைக்கறை’ என்று பட்டப்பெயர். ஆனால் அந்த அட்டையைக் காட்டும்போது பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்திருப்பார். காத்திருக்கும் அறையில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? தண்ணீர்க் கேன்தான்.

ராமமூர்த்திநகர்_சிவா | ஞாயிறு, காலை 9:48

எனக்கு ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை. மனம் ஏற்றுவதுதான் எல்லாம் என்றால் ஓவியர் எதற்கு? என் பையன் கிறுக்கியதை மாட்டினால் போதாதா? 1964ல் ஸ்வீடனில் ஒரு சிம்பன்சி வரைந்ததைப் பிரெஞ்சு ஓவியர் வரைந்தது என்று சொல்லி மாட்டி, விமர்சகர்கள் பாராட்டியது ஞாபகம் இருக்கிறதா?

அளவுகோல் | ஞாயிறு, காலை 10:30

நியாயமான கேள்வி. அதையே சோதித்திருக்கிறார்கள். 2011ல் ஹாலி-டோலன், எலன் வின்னர் இருவரும் மாணவர்களுக்கு 30 ஜோடிப் படங்கள் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்று பெயர் பெற்ற அரூப ஓவியர் வரைந்தது, மற்றது குழந்தையோ குரங்கோ யானையோ வரைந்தது. எது சிறந்த படம் என்று கேட்டபோது, பெயர்ச்சீட்டு மாற்றி ஒட்டியிருந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட தடவை, சுமார் 60, 70 சதவீதம், ஓவியர் வரைந்ததையே தேர்ந்தெடுத்தார்கள். ஓவியம் படிக்காத மாணவர்களும்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் ஒரு முடிவு இருப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது போலிருக்கிறது. மீதி 30, 40 சதவீதத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், சிவா.

அல்சூர்_ஏரிக்கரை | ஞாயிறு, பகல் 11:55

பேச்சு மொத்தமும் வெளிநாட்டிலேயே சுற்றுகிறதே. நான் வங்கி வேலையில் சென்னையில் இருந்த நாட்களில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு அடிக்கடி போவேன். இப்போது ஓய்வு பெற்று மகளோடு இங்கே.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966ல் அந்தக் கிராமத்தைத் தொடங்கினார். ஓவியர்கள் பத்திக் துணி செய்து விற்று, அந்தக் காசில் மண் வாங்கி, விருப்பப்படி வரைந்தார்கள். அவருடைய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற ஓவிய வரிசையைப் பார்த்தால் ஜாதகக் கட்டம், கணக்கு, மலையாளம் போலத் தோன்றும் எழுத்து, எல்லாம் இருக்கும். கிட்டே போய்ப் படிக்கப் பார்ப்போம், படிக்க வராது. படிப்பதை விட்டபிறகுதான் பார்க்கவே ஆரம்பிப்போம். என்னை முதலில் பிடித்தது அதுதான்.

ஓவியர் ஆதிமூலத்தை நம்மில் பலருக்குச் சிறுபத்திரிகைக் கோட்டோவியமாகவும், 1969ல் வரைந்த காந்தி வரிசையாகவும் தெரியும். கறுப்பு மையில் அவ்வளவு கட்டுப்பாடு. அந்த மனிதர் பின்னால் எண்ணெய் வண்ணத்தில் உருவமே இல்லாத நிலவெளிகளுக்குப் போனார். அச்சுதன் கூடல்லூர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்துகொண்டே வரைந்தவர், 2022ல் காலமானார். அவர் சிவப்பு வெப்பமாக இருக்கும், ஆனால் நம்மை மிரட்டாது. சிவப்பு என்றாலே ரத்தம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

இன்னொன்று. தொல்காப்பியர், உணர்வு உடம்பில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டைச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணமும் சொல்கிறார். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை. உணர்வு என்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும், ஓர் உடம்பில் அது தெரிய வேண்டும். அரூப ஓவியத்தில் காரணமும் இல்லை, உடம்பும் இல்லை. அப்படியானால் மெய்ப்பாடு எங்கே நிகழும்? பார்த்துக்கொண்டு நிற்கிற நம் உடம்பில்தான். மேரி அம்மாவின் தாயார் படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தது இருக்கிறதே, அதைவிடச் சுத்தமான மெய்ப்பாடு வேறென்ன?

நீங்கள் தேடும் நடுவுநிலை அந்த எட்டில் இல்லை. பின்னால் வரும் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாட்டில், உடைமைக்கும் இன்புறலுக்கும் அடுத்து, அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

மைசூர்ரோடு_மணி | ஞாயிறு, பகல் 1:10

எங்கள் ஆத்தா போடும் சிக்குக் கோலமும் அரூபம்தானே? 85,000 எல்லாம் கேட்பதில்லை.

கரித்துண்டு | ஞாயிறு, பகல் 1:25

மணி, உருவம் இல்லை என்ற அளவில் ஆமாம். ஆனால் கோலத்தில் புள்ளி முன்பே முடிவாகிவிடுகிறது, கோடு எங்கே போய் முடியும் என்று ஆத்தாவுக்குத் தெரியும். அது போடுகிறவரைச் சமன் செய்யும், நம்புகிறேன். எங்கே முடியும் என்றே தெரியாமல் முதல் தீற்றலை வைப்பது வேறு அனுபவம். ஆத்தா கோலத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

ஐயா, உங்கள் பதிவை என் மாணவர்களுக்குக் காட்டப்போகிறேன்.

நான்காம்பிளாக் | ஞாயிறு, மாலை 6:30

இவ்வளவு பதில் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. அந்தக் கருஞ்சிவப்புப் படம் காத்திருக்கும் அறைக்கு வேண்டாம் என்று நிர்வாகியிடம் சொல்லிவிட்டேன். உல்ரிச் ஆய்வைச் சொன்னதும் முகம் சுருங்கியது, ஆனால் கேட்டுக்கொண்டார்.

அளவுகோல் சார், வேறொன்று கேட்க வேண்டும். எங்களிடம் வரும் சிலருக்குப் பேசவே வராது. அவர்களுக்குத் தாளும் வண்ணமும் கொடுத்து, உருவம் எதுவும் வேண்டாம், இஷ்டப்படி தீட்டுங்கள் என்று சொல்லலாமா என்று சக ஆலோசகர் ஒருவர் கேட்கிறார். அதில் பயன் உண்டா?

அளவுகோல் | ஞாயிறு, இரவு 9:05

பார்ப்பதைவிடச் செய்வதற்குத்தான் ஆதாரம் கொஞ்சம் நன்றாக இருக்கிறது. 2016ல் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விருப்பப்படி செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில், மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனின் அளவு பார்த்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்குக் குறைந்தது. முன் அனுபவம் உண்டா இல்லையா என்பது முடிவை மாற்றவில்லை.

ராமமூர்த்திநகர்_சிவா | ஞாயிறு, இரவு 9:12

ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இருந்ததா சார்? 45 நிமிடம் சும்மா உட்கார்ந்தாலும் குறையுமே.

அளவுகோல் | ஞாயிறு, இரவு 9:40

இல்லை. அது அந்த ஆய்வின் பெரிய ஓட்டை. அதனால்தான் ‘கொஞ்சம்’ என்றேன். சிகிச்சை என்று விளம்பரம் செய்யாதீர்கள், பேச்சு வராதவருக்குக் கைக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம், செய்வதாக இருந்தால் மூன்று விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். வரைந்ததை நீங்கள் விளக்காதீர்கள். கறுப்பு தீட்டினால் மனச்சோர்வு, சிவப்பு தீட்டினால் கோபம் என்று பொருள் சொல்வது கைரேகை பார்ப்பதுபோலத்தான். “இந்த இடத்தைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றுகிறதா” என்று கேளுங்கள், தோன்றவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்தது, கலைவழிச் சிகிச்சை என்று பெயர் போடுவதானால் அதற்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். அது தனிப் படிப்பு.

மூன்றாவது ரொம்ப முக்கியம். அந்தத் தாள்கள் அவர்கள் பேச்சுக்குச் சமம், கோப்புக்குள் பூட்டி வையுங்கள். அமெரிக்க அரூப ஓவியர் ஜாக்சன் போலாக் 1939ல், யுங் என்ற உளவியலாளரின் வழியில் வந்த ஒரு மருத்துவரிடம் போனார். பேசச் சிரமப்பட்டதால் வரைபடங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1956ல் கார் விபத்தில் இறந்தார். அந்த மருத்துவர் படங்களை விற்றுவிட, 1970ல் அவை கண்காட்சியாகவும் புத்தகமாகவும் ஊருக்கே தெரியும்படி வெளிவந்தன. அழகாக இருக்கிறதே என்று வந்தவர் வரைந்ததைக் காத்திருக்கும் அறையில் மாட்டும் யோசனை உங்கள் நிர்வாகிக்கு வரும். வராமல் இருக்காது. அப்போது இதைச் சொல்லுங்கள்.

லிங்கராஜபுரம்_மேரி | திங்கள், காலை 7:35

வரைகிறவர்களே மன அமைதி இல்லாதவர்களாகத்தானே இருக்கிறார்கள்? ராத்கோ தற்கொலை செய்துகொண்டார் என்று படித்தேன். போலாக் குடித்துவிட்டு கார் ஓட்டினார். அவர்கள் படத்தில் போய் நாம் சமநிலை தேடுவது வேடிக்கையாக இல்லையா?

கரித்துண்டு | திங்கள், மாலை 5:50

அக்கா, அந்த இரண்டு பெயரே திரும்பத் திரும்ப வருவதால் அப்படித் தெரிகிறது. ராத்கோவின் துயரம் உண்மை. 1970ல் அவர் போனபிறகு, மறு வருடம்தான் ஹூஸ்டன் தேவாலயம் அவருடைய 14 ஓவியங்களோடு திறந்தது. ஆனால் துயரம்தான் ஓவியம் வரைந்தது என்று சொல்வது அவர் உழைப்புக்குச் செய்கிற அவமரியாதை. நோய் இருந்தும் வரைந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இங்கே நம் அரூப ஓவியர் கெய்தோண்டேயைப் பாருங்கள். நாக்பூரில் பிறந்து, மும்பையில் படித்து, பிற்பாடு டெல்லியில் தனியாக வாழ்ந்து 2001ல் மறைந்தவர். வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வரைவார். உருளையாலும் கத்தியாலும் வண்ணத்தை ஏற்றி, வழித்து, திரும்ப ஏற்றி. ஜென் படித்தவர், நாளின் பெரும்பகுதி சும்மா உட்கார்ந்திருந்தவர். அவர் படத்தில் ஒளி பின்னாலிருந்து கசிவது போல இருக்கும். ரசா சிறுவனாக இருந்தபோது மனம் அலைபாய்கிறது என்று தலைமை ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார். பிரான்சில் பல காலம் வாழ்ந்தபிறகு அந்தப் புள்ளிதான் பிந்துவாகத் திரும்பி வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சிவா சொன்ன 51 கோடி அந்த வழியில் வந்ததுதான்.

எனக்கு எல்லோரையும்விட நெருக்கம் நஸ்ரீன் முகமதி. கராச்சியில் 1937ல் பிறந்தவர், பரோடாவில் கற்றுக்கொடுத்தார், 1990ல் இறந்தார். பேனா, மை, வரைகலைக் கருவிகள், தாள். கோடுகள் மட்டும். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் கிடையாது, தேதியும் கிடையாது. உடம்பின் அசைவு தன் பிடியிலிருந்து நழுவிக்கொண்டே போகும் நரம்பு நோய் அவருக்கு. அந்தக் கையால் முடியிழை போலக் கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோடு சரிந்து போகிற இடத்தில் எனக்கு மூச்சு ஒரு நொடி நிற்கும். அவருக்குச் சமநிலை கிடைத்ததா என்று எனக்கெப்படித் தெரியும்? கோட்டுக்குக் கிடைத்திருக்கிறது.

ராமமூர்த்திநகர்_சிவா | திங்கள், இரவு 8:20

நஸ்ரீன் படங்களைத் தேடிப் பார்த்தேன். கட்டட வரைபடம் மாதிரி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது, சொந்தத் தொழில் பாசமாக இருக்கலாம். மனத்தைச் சமன் செய்கிறது என்று இன்னும் நான் சொல்லத் தயாராக இல்லை.

அல்சூர்_ஏரிக்கரை | செவ்வாய், காலை 6:50

சொல்ல வேண்டாம் தம்பி. திரையில் பார்த்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அரண்மனைச் சாலையில் மாணிக்கவேலு மாளிகையில் தேசிய நவீன ஓவியக்கூடம் இருக்கிறது, 2009லிருந்து. மரத்தடியே ஒரு காட்சி. கஸ்தூர்பா சாலையில் மேப் என்ற அருங்காட்சியகம் 2023ல் திறந்தார்கள். சனிக்கிழமை ஓவியக்கூடத்துக்கு வருகிறேன், யார் வருகிறீர்களோ வாருங்கள். திங்கள் விடுமுறை. ஒன்று மட்டும், எல்லாப் படத்தையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் என்னோடு வர வேண்டாம். நான் இரண்டு மூன்று படத்துக்கு மேல் பார்ப்பதில்லை.

நான்காம்பிளாக் | செவ்வாய், பகல் 2:15

நான் வருகிறேன் ஐயா. சக ஆலோசகரையும் அழைத்து வருகிறேன்.

நிர்வாகி நேற்று முடிவு சொன்னார். காத்திருக்கும் அறைக்குக் கபினி நீர்த்தேக்கத்தின் புகைப்படம், பெரிதாக அச்சடித்து. கரித்துண்டு மேடம் பல்லைக் கடிப்பார், தெரியும். கேலரிக்காரரிடம் அதே ஓவியரின் சின்னப் படம் ஒன்று இருந்தது, வெளிர் சாம்பலும் பச்சையும், 12,000. அதை நாங்கள் ஆலோசகர்கள் சாப்பிடும் உள்ளறைக்கு எங்கள் சொந்தக் காசில் எடுத்துக்கொள்கிறோம். பிடிக்காத அன்றைக்குச் சுவர் பக்கம் திருப்பி வைக்கலாம் என்று ஒப்பந்தம்.

கடைசியாக ஒரு கேள்வி. புகைப்படத்துக்குக் கண்ணாடி போடலாமா? எதிரே சன்னல், மேலே ட்யூப் லைட்.

கரித்துண்டு | செவ்வாய், பகல் 2:40

பல்லையெல்லாம் கடிக்கவில்லை. நீர், மரம், உல்ரிச் கணக்குக்குச் சரியாகத்தான் இருக்கிறது. உள்ளறை ஒப்பந்தம் ரொம்பப் பிடித்தது.

சாதாரணக் கண்ணாடி போடாதீர்கள். ட்யூப் லைட்டும் சன்னலும் உட்கார்ந்திருப்பவர் முகமும்தான் அதில் தெரியும். பளபளப்பில்லாத தாளில் அச்சடித்து, கண்ணாடி இல்லாமல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் மேட் அக்ரிலிக் கேளுங்கள், விலை கொஞ்சம் கூடும். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்கு மாட்டுங்கள், ஆணி அடிக்கிறவர் நின்றுகொண்டு பார்த்து உயரத்தில் அடித்துவிடுவார். சனிக்கிழமை எத்தனை மணிக்கு, ஐயா?

அல்சூர்_ஏரிக்கரை | செவ்வாய், மாலை 4:05

பதினொன்றரைக்கு வாசலில் இருப்பேன். வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சந்தேகம், பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வாருங்கள்.